நடை தூரத்தில் ஒரு நகர்: ஏ.எஸ்.ராவ் நகர் வரலாறு

பிழைப்பை நாடிப் பிற மாநிலம் புகும் தமிழ்க் குடும்பம் வீடு பார்க்கையில் முதலில் கேட்கும் கேள்வி, வாடகை எவ்வளவு என்பது. இரண்டாவது கேள்வி, தண்ணீர் தவறாமல் வருமா என்பது. மூன்றாவதாகக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. அதனைப் பெரும்பாலோர் குடிபுகுந்து சில திங்கள் கழிந்த பின்னரே, அதுவும் பெருமூச்சோடு கேட்கின்றனர். 'இவ்வீட்டிலிருந்து எங்கெல்லாம் நடந்து போகலாம்?' என்பதே அது.

கும்பகோணத்திலோ காரைக்குடியிலோ விடியற்காலையில் கோயிலுக்கும், வெயில் ஏறுமுன் காய்கறிக் கடைக்கும், மாலையில் உறவினர் வீட்டுத் திண்ணைக்கும் தாமே நடந்து சென்று வந்த ஒரு தாயாரை மகன் பெருநகருக்கு அழைத்து வருகிறான். ஒன்பதாம் மாடியில் காற்றோட்டமான அறை தருகிறான். குறையென்று சொல்ல ஒன்றுமில்லை. ஆயினும் கீழே இறங்கினால் அகன்ற சாலை. சாலையைக் கடக்க வழியில்லை. கடந்தாலும் அப்பால் மதிற்சுவரன்றி வேறில்லை. ஞாயிற்றுக்கிழமை மகன் கார் எடுக்கும்வரை அவ்வம்மையாருக்கு வெளியுலகம் சன்னலளவுதான். அன்பு குறைந்ததனால் நேர்ந்த துன்பமன்று இது. ஊரின் அமைப்பினால் நேர்ந்தது. ஆதலின் ஊரமைப்பின் வரலாறு ஆட்சியாளரும் பொறியாளரும் மட்டுமே கற்கவேண்டிய பாடமாகாது. நம் குடும்பத்துக்கும் உரிய பாடமாகும். ஐதராபாத்தின் வடகிழக்கு மூலையிலுள்ள ஏ.எஸ்.ராவ் நகரைச் சான்றாகக் கொண்டு அதனைச் சிறிது ஆராய்வோம்.

பண்டை நகரும் நடையும்

நடந்து வாழும் நகர் தமிழருக்குப் புதிதன்று. சிலப்பதிகாரம் காட்டும் காவிரிப்பூம்பட்டினத்தில் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரு பகுதிகள் இருந்தன. இரண்டுக்கும் இடையே, மரங்களின் நிழலில் நாளங்காடி கூடிற்று. வாழும் இடத்துக்கும் வாங்கும் இடத்துக்கும் இடையே உள்ள தொலைவு கால்களால் அளக்கத்தக்கதாய் இருந்தது. மதுரையிலோ பகலங்காடியோடு அல்லங்காடியும் இருந்ததை மதுரைக்காஞ்சி விரித்துரைக்கிறது. இரவிலும் மக்கள் அச்சமின்றி நடமாடிய தெருக்கள் இருந்தாலன்றி அல்லங்காடி நிலைபெறாது என்பது எண்ணத்தக்கது.

இன்றும் மதுரைத் திருக்கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று தெருக்கள் ஒன்றையொன்று சூழ்ந்திருப்பதைக் காண்கிறோம். திருவரங்கத்தில் ஏழு சுற்றுகளுள் வெளிச்சுற்றுகள் மக்கள் குடியிருக்கும் வீதிகளாகவே விளங்குகின்றன. தேர் திரும்பவேண்டும் என்பதற்காக அகலப்படுத்தப்பட்ட வீதிகள் அவை. தேரை இழுத்தவை மனிதக் கால்களே. ஆதலின் அவ்வீதிகளின் நீளமும் வளைவும் மனித நடைக்கு ஏற்ப அமைந்தன.

ஐதராபாத் விரிந்த வரலாறு

ஐதராபாத்தும் தொடக்கத்தில் நடந்து வாழ்ந்த நகரமே. 1591-இல் முகமது குலி குதுப் ஷா அந்நகரை நிறுவியபோது சார்மினாரை நடுவாகக் கொண்டு நாற்புறமும் வீதிகள் பிரிந்தன. அதனையொட்டி அங்காடிகளும், அவற்றின் பின்னே குடியிருப்புகளும் எழுந்தன. 1806-இல் நிசாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் சிக்கந்தராபாத் பாளையம் தோன்றியது. படையோடும் படைக்கு வேண்டிய பொருள் வழங்கும் தொழிலோடும் தமிழர் பலர் அங்கே வந்து குடியேறினர். பழைய பாளையத்தின் கடைத்தெருக்களில் தமிழொலி கேட்கத் தொடங்கி இரு நூற்றாண்டுகள் ஆகின்றன.

1908 செப்டம்பரில் மூசி ஆறு பெருக்கெடுத்துப் பல்லாயிரவரைப் பலிகொண்ட பின்னர் நகரைச் சீரமைக்கும் பணி தொடங்கிற்று. பத்தர்கட்டியின் கல் வளைவுக் கடைவரிசை அப்பணியின் பயனாகும். வெயிலும் மழையும் படாமல் வளைவுகளின் கீழ் நடந்து பொருள் வாங்கும் வகையில் அது கட்டப்பட்டது. நடப்பவர்க்கென்று கட்டிடக்கலை அக்காலத்தில் இவ்வளவு கருணை காட்டியது.

1932-இல் நிசாம் அரசின் இரயில்வே 27 பேருந்துகளோடு சாலைப் போக்குவரத்தைத் தொடங்கியது. தொலைவிலிருந்தும் வேலைக்கு வந்து திரும்பலாம் என்ற நிலை பிறக்கவே நகரம் கைகால்களை நீட்டத் தொடங்கிற்று. பேருந்து நீட்டிய நகரைப் பின்னாளில் ஸ்கூட்டரும் காரும் மேலும் இழுத்தன.

ஒரு விஞ்ஞானியும் ஒரு குடியிருப்பும்

விடுதலைக்குப் பின் ஐதராபாத்தின் புறத்தே பொதுத்துறைத் தொழிலகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. மேற்கே இராமச்சந்திரபுரத்தில் பாரத மிகுமின் நிறுவனம்; பாலாநகர்ப் பக்கம் மருந்துத் தொழிலகம்; கிழக்கே மௌலாலி, குஷாய்குடா, செர்லபள்ளி வட்டாரத்தில் அணுசக்தித் துறையின் நிறுவனங்கள். இவற்றுள் இந்திய மின்னணுக் கழகம் எனப்படும் ஈ.சி.ஐ.எல். 1967 ஏப்ரலிலும், அணு எரிபொருள் தொகுதி 1971-லும் தோன்றின.

ஈ.சி.ஐ.எல். நிறுவனத்தை உருவாக்கியவர் டாக்டர் ஐயகாரி சாம்பசிவ ராவ். மேற்கு கோதாவரி மாவட்டத்தின் மொகல்லு என்னும் சிற்றூரில் 1914-இல் பிறந்தவர். காசி இந்துப் பல்கலைக்கழகத்திலும், பின்னர் அமெரிக்காவின் ஸ்டான்போர்டிலும் பயின்றவர். ஹோமி பாபாவின் கீழ் டிராம்பேயில் மின்னணுப் பிரிவை வளர்த்தவர். 1972-இல் பத்மபூஷண் விருது பெற்ற அவர் 2003-இல் மறைந்தார். அவர் நட்ட நிறுவனமே நம் நாட்டின் தொடக்ககாலக் கணிப்பொறிகளையும், ஒரு காலத்தில் இல்லந்தோறும் அறியப்பட்ட 'ஈ.சி.' தொலைக்காட்சிப் பெட்டியையும் உருவாக்கித் தந்தது. 1982-இல் கேரளத்தின் பரவூரில் முதன்முதலாகப் பயன்பட்ட மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் பிறப்பிலும் அதற்குப் பங்குண்டு.

அந்நிறுவனத்து ஊழியரின் குடியிருப்பாக வளர்ந்ததே அவர் பெயர் தாங்கிய ஏ.எஸ்.ராவ் நகர். அன்று அப்பகுதி சிக்கந்தராபாத்திலிருந்து பத்துக் கிலோமீட்டர் அளவில், நகரின் எல்லைக்கு அப்பால் கிடந்த மேட்டு நிலம். அந்நாள் ஊழியர் நிலையை எண்ணிப் பார்ப்போம். கார் என்பது அதிகாரிகளுள்ளும் சிலருக்கே உரியது. ஸ்கூட்டருக்குப் பணங்கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. மிதிவண்டியும் பேருந்துமே துணை. அத்தகையோர் வீடு கட்டும்போது தொழிற்சாலைக்கு அருகே கட்டினர். அவர்களை நம்பிக் கடை வைத்தவர், அவர்கள் நடந்து வரும் வழியில் கடை வைத்தனர். பள்ளியும் மருந்துக்கடையும் மாவு மில்லும் தையற்கடையும் அவ்வாறே அடுத்தடுத்து அமைந்தன. நடை தூரம் என்பது ஏட்டில் எழுதிய கொள்கையாக அங்கு வரவில்லை. நடந்தே ஆகவேண்டிய மக்களின் தேவையாக வந்தது.

மேலைநாட்டார் கண்ட உண்மை

இவ்விடத்தில் மேலைநாட்டு அறிஞர் இருவரின் கருத்தை ஒப்பிடுதல் பயன் தரும். அமெரிக்கரான கிளாரன்ஸ் பெர்ரி 1929-இல் வெளியிட்ட திட்டத்தில், ஒரு குடியிருப்பு என்பது பள்ளிப் பிள்ளை பெருஞ்சாலையைக் கடக்காமல் நடந்து சென்று மீளும் அளவினதாக இருத்தல் வேண்டும் என்றும், கடைகள் அதன் ஓரத்தில் பெருஞ்சாலையை ஒட்டி அமைதல் வேண்டும் என்றும் வகுத்தார். ஜேன் ஜேக்கப்ஸ் என்னும் பெண்மணி 1961-இல் எழுதிய நூலில், கடையும் வீடும் கலந்த தெருவில் கடைக்காரரும் வழிப்போக்கரும் தம்மையறியாமலே ஒருவர்க்கொருவர் காவலாகின்றனர் என்று நிறுவினார்.

ஏ.எஸ்.ராவ் நகரில் நிற்பவர் இவ்விரு உண்மைகளையும் கண்ணாரக் காணலாம். ஈ.சி.ஐ.எல். நாற்சந்தியிலிருந்து ராதிகா திரையரங்கச் சந்தியை நோக்கிச் செல்லும் முதன்மைச் சாலையில் துணிக்கடையும் உணவகமும் வங்கியும் மருத்துவமனையும் நெருங்கி நிற்கின்றன. ஒரு தெரு உள்ளே திரும்பினால் வீடுகளும் மரங்களும் தள்ளுவண்டிக் காய்கறிக்காரரின் குரலும். குஷாய்குடாவில் உழவர் நேரே வந்து விற்கும் ரைத்து பஜார் இருக்கிறது. 1999-இல் அன்றைய ஆந்திரப் பிரதேச அரசு தொடங்கிய அத்திட்டம், அதே ஆண்டில் தமிழகத்தில் மலர்ந்த உழவர் சந்தைக்கு உடன்பிறப்பு எனலாம். முருங்கைக்காயின் விலையைப் பேசிப் பேசியே தெலுங்கு கற்ற தமிழ்ப் பெண்டிர் எத்தனை பேர்! இலக்கணம் பள்ளியில் கிடைக்கும். மொழி கிடைப்பது தெருவில்தான்.

இன்னொன்றும் கூறவேண்டும். புலம்பெயர்ந்தோர் நடுவே தாய்மொழி நிலைப்பதும் நடை தூரத்தையே சார்ந்தது. இரு தமிழ்க் குடும்பங்கள் நான்கு தெரு இடைவெளியில் வாழ்ந்தால் பிள்ளைகள் அழைப்பின்றியே கூடுவர். சுண்டலும் பேச்சும் ஒரே கிண்ணத்தில் கைமாறும். அதே குடும்பங்கள் இருபது கிலோமீட்டர் தள்ளியிருந்தால் ஆண்டுக்கு இருமுறை சங்க விழாவில் சந்தித்து, பிள்ளைகள் ஆங்கிலத்தில் நலம் விசாரித்துக்கொள்வர்.

தொலைவை யார் சுமப்பது?

நிற்க. ஏ.எஸ்.ராவ் நகரைக் குறையில்லா ஊராகக் காட்டுவது நம் நோக்கமன்று. 1998-இல் நகரின் மேற்கே மாதாப்பூரில் ஹைடெக் சிட்டி திறக்கப்பட்டது. அதுமுதல் இளைஞர்க்குரிய வேலைகள் மேற்றிசையில் குவிந்தன. கிழக்கேயுள்ள இந்நகரிலிருந்து அங்கே செல்வதென்றால் பெருநகரின் முழு அகலத்தையும் கடந்தாக வேண்டும். 2007-இல் காப்ரா உள்ளிட்ட 12 நகராட்சிகளைச் சேர்த்துப் பெருநகர மாநகராட்சி அமைந்தபோது அதன் பரப்பு 600 சதுர கிலோமீட்டரையும் கடந்தது. அதற்கும் வெளியே 158 கிலோமீட்டர் நீள வெளிவட்டச் சாலை எழுந்தது. 2017 நவம்பரில் ஓடத் தொடங்கிய மெட்ரோ இரயிலின் முதற்கட்டத்து மூன்று தடங்களுள் ஒன்றேனும் ஏ.எஸ்.ராவ் நகரைத் தொடவில்லை. ஆதலின் இங்கு வாழ்ந்து மேற்கே வேலை பார்ப்பவர் நாள்தோறும் சில மணி நேரத்தைச் சாலைக்குக் காணிக்கையாக்குகின்றார்.

அலுவலகத்தின் அருகே குடியேறினால் அச்சுமை நீங்காதோ என்பர் சிலர். நீங்கும், ஆனால் அது மறைவதில்லை, தோள் மாறுகிறது. கடையும் கோயிலும் பள்ளியும் எட்டாத இடத்தில் பொருளீட்டுபவர் பத்து நிமிடத்தில் அலுவலகம் சேர்வார். வீட்டிலுள்ள முதியவரும் பிள்ளைகளும், வண்டி ஓட்டாத மனைவியும் ஒவ்வொரு சிறு தேவைக்கும் தொலைவைச் சுமப்பர். விரிந்து பரந்த நகரில் தொலைவு என்பது ஒரு குடும்பத்தின்மேல் விழும் வரி. அதனை ஒருவர் நாளுக்கு இருமுறை செலுத்துவதா, எல்லோரும் நாள் முழுதும் செலுத்துவதா என்பதே வீடு தேடுவோர் முன்னுள்ள உண்மையான வினா. சதுர அடிக் கணக்கில் இவ்வினா மறைந்துவிடுகிறது. ஈ.சி.ஐ.எல். ஊழியரின் முதல் தலைமுறைக்கு இவ்வரி இல்லை; வேலையும் வீடும் கடையும் ஒரே வட்டத்தில் இருந்தன. அவர்களுடைய பேறு அதுவே.

பேருந்து இவ்வரியை ஓரளவு குறைக்கிறது. 2023 டிசம்பரில் தெலுங்கானா அரசு தன் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணத்தை நடைமுறைப்படுத்தியபோது, வண்டி ஓட்டாத பெண்டிர்க்கு நகரம் மீண்டும் சிறிது சுருங்கியது. ஆயினும் நிறுத்தம்வரை நடக்க வழி வேண்டுமன்றோ!

நடப்பவரின் உரிமை

பழைய பேறு தானே நிலைக்காது. இரண்டடுக்கு வீடுகள் ஐந்தடுக்காகும்போது வாயில்தோறும் கார்கள் பெருகுகின்றன. நடைபாதை வண்டி நிறுத்தும் இடமாகிறது. நடப்பவர் சாலைக்குள் தள்ளப்படுகின்றார். நடந்து வாழ்வதற்கென்று எழுந்த ஊரிலேயே நடக்க அஞ்சும் நிலை வருமாயின் அது வரலாற்றின் பெரும் முரண் ஆகும்.

இதற்கு மாற்று உண்டு என்பதைச் சென்னை காட்டியது. 2019-இல் தியாகராய நகரின் பாண்டி பஜாரில் சாலையின் பெரும்பகுதி நடப்பவர்க்கென அகலப்படுத்தப்பட்டது. சட்டமும் இன்று துணை நிற்கிறது. கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். இராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காக 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கில் 2025 மே மாதத்தில் நீதிமன்றம், தடையற்ற நடைபாதை பெறும் உரிமை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உரைத்தது. முறிந்த எலும்புகளைச் சேர்த்த ஒரு தமிழ் மருத்துவர் தொடுத்த வழக்கு நாட்டிலுள்ள நடப்போர் அனைவருக்கும் அரணாயிற்று என்பது நாம் மகிழத்தக்கது. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வணிகர் சட்டமும், நடப்பவரையும் தள்ளுவண்டிக்காரரையும் பகைவராக்காமல் இருவர்க்கும் இடம் வகுக்க வழி செய்கிறது.

சட்டம் ஏட்டில் உறங்காதிருக்க வேண்டுமாயின் குடியிருப்போர் சங்கங்கள் அதனை எழுப்புதல் வேண்டும். நம் வாயிலின் முன்னுள்ள நடைபாதையை நம் காரே அடைத்துக்கொண்டிருந்தால் முதல் மனுவை நமக்கு நாமே எழுதிக்கொள்ள வேண்டும்.

புதிதாக இந்நகருக்கு வரும் தமிழன்பர்க்கு ஒரு சொல். வீடு பார்க்கச் செல்கையில் தரகரோடு காரில் மட்டும் சென்று திரும்பாதீர்கள். ஒரு மாலைப்பொழுதில் தாயாரையும் குழந்தையையும் உடனழைத்து, அவ்வீட்டு வாயிலிலிருந்து காய்கறிக் கடைவரை நடந்து பாருங்கள். தாயார் இளைப்பாற ஓரிடமும், குழந்தை கைவிட்டு ஓடச் சில அடிகளும், கடைக்காரர் முகங்கொடுத்துப் பேசச் சிறிது நேரமும் அவ்வழியில் கிடைக்குமாயின் அங்கே குடிபுகலாம். அந்த வழியே நாளடைவில் அவர்களுக்கு ஊராகும்.