ரெண்டு லட்சம் ஓடின வண்டியும் எழுபது வருஷக் கதையும்

நம்ம நாட்டில் ஒரு காலத்தில் பழைய கார் புதுக் காரைவிட விலை அதிகமா வித்தது. நம்பலைன்னா அறுபது, எழுபதுகளில் கார் வாங்கின பெரியவங்க யாராவது சொந்தத்தில் இருந்தா கேட்டுப் பாருங்க. புது ஃபியட்டுக்குப் பணம் கட்டிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கணும். அவ்வளவு நாள் காத்திருக்க முடியாதவங்க, கம்பெனி விலைக்கு மேலே போட்டுக் கொடுத்து ஏற்கெனவே ஓடின வண்டியை வாங்கிட்டுப் போவாங்க. இன்னிக்கு ஷோரூமை விட்டு ரோட்டில் இறங்கின நிமிஷமே வண்டி விலை குறைஞ்சிடுதுன்னு சொல்றோம். அன்னிக்குக் கதை நேர் தலைகீழ்.

இந்த ஆராய்ச்சி எல்லாம் எதுக்குன்னா, இப்போ என் முன்னாடி ஒரு வண்டி நிக்குது. 2012 மாடல் மாருதி ஸ்விஃப்ட் டிசையர், டீசல், மீட்டரில் 2,14,000 கிலோமீட்டர், ஓன் போர்டு, கேட்கிற விலை 1,70,000 ரூபாய். அம்மாவை மாசம் ரெண்டு மூணு தடவை மடுகரையிலிருந்து ஜிப்மருக்குக் கூட்டிட்டுப் போகணும். முட்டி வலியோட பஸ் படி ஏற அவங்களால முடியலை. கையில் இருக்கிற பணத்துக்குப் புது வண்டி கனவு. வீட்டில் ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. "ரெண்டு லட்சம் ஓடின வண்டியா, வேணவே வேணாம்"ங்கிறதுதான் பெரும்பான்மை. அந்த ரெண்டு லட்சத்தைப் பார்த்து நிஜமாவே பயப்படணுமான்னு யோசிச்சப்போதான் பழைய கதையெல்லாம் தோண்ட வேண்டியதாப் போச்சு.

1950களின் தொடக்கத்துக்குப் போவோம். உதிரி பாகங்களை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து இங்கே பூட்டி வித்தா போதாது, இங்கேயே செய்யற திட்டம் இருக்கிறவங்கதான் கார் தயாரிக்கலாம்னு அரசு முடிவு எடுத்துச்சு. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. மிச்சம் இருந்தது முக்கியமா மூணு பேர். கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாய் குர்லாவில் பிரீமியர், நம்ம மெட்ராஸில் ஸ்டாண்டர்டு. அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இந்த மூணுக்குள்ளேதான் தேசமே கார் ஓட்டியாகணும். 1959-ல் கார் விநியோகத்துக்கும் விற்பனைக்கும் தனியா ஒரு கட்டுப்பாட்டு ஆணையே வந்தது. இத்தனை கார்தான், இந்த விலைதான். அப்புறம் பழைய வண்டிக்கு மவுசு வராம என்ன செய்யும்?

அந்தக் காலத்தில் மீட்டரை யாரும் பெரிசா மதிக்கலைங்கிறதையும் இங்கே சொல்லணும். அந்த வண்டிகளின் மீட்டரில் கிலோமீட்டருக்கு ஐந்து இலக்கம்தான். 99,999 தாண்டினா மறுபடியும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். போதாததுக்கு ஸ்பீடோ கேபிளைக் கழட்டி விட்டா வண்டி ஓடும், மீட்டர் தூங்கும். அதனால "எவ்வளவு ஓடியிருக்கு?"ன்னு கேட்கிறதைவிட "யார் வண்டி? யார் ஓட்டினது? எந்த மெக்கானிக் கிட்ட விட்டாங்க?"ன்னு கேட்பாங்க. மனுஷனை விசாரிச்சுட்டுத்தான் வண்டியை விசாரிப்பாங்க. "டாக்டர் வண்டி, ஒரே கை ஓட்டினது" அப்படிங்கிற டயலாக் இன்னிக்கும் புரோக்கர்கள் வாயில் இருக்கு பாருங்க, அந்தக் காலத்து மிச்சம் அது. (ஊரில் இருக்கிற டாக்டர்களைவிட டாக்டர் வண்டிகள் அதிகம் என்பது வேறு விஷயம் :-) )

இந்த "யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது" பிரச்னையைப் பொருளாதாரப் பாடமாவே மாத்தினவர் ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கர். விஷயம் ரொம்ப எளிசு. பழைய வண்டியின் வண்டவாளம் விக்கிறவனுக்குத் தெரியும், வாங்கறவனுக்குத் தெரியாது. தெரியாதவன் என்ன செய்வான்? எதுக்கும் இருக்கட்டும்னு எல்லா வண்டிக்கும் சராசரி விலைதான் கொடுப்பான். அந்த விலைக்கு நல்ல வண்டி வெச்சிருக்கிறவன் விக்க மாட்டான், ஒதுங்கிடுவான். ஓட்டை வண்டிக்காரன் சந்தோஷமா விப்பான். சந்தையில் ஓட்டை வண்டி கூடக் கூட விலை இன்னும் இறங்கும், இருக்கிற கொஞ்சநஞ்ச நல்ல வண்டியும் ஓடிப் போகும்.

1967-ல் இந்தக் கட்டுரையை ஒரு பெரிய பத்திரிகைக்கு அனுப்பிட்டு அவர் வந்து இறங்கின இடம் எது தெரியுமா? இந்தியா. டெல்லியில் இருந்த இந்தியப் புள்ளியியல் கழகத்தில் ஒரு வருஷம் இருந்தார். இங்கே இருந்தப்போதான் கட்டுரை திரும்பி வந்தது, இது ரொம்ப அற்ப விஷயம்னு. அதுக்கப்புறமும் ரெண்டு பத்திரிகைகள் வேணாம்னுடுச்சு. கடைசியில் 1970-ல் அச்சேறி, 2001-ல் அதுக்காகவே நோபல் பரிசும் வந்தது. அந்தக் கட்டுரையில் நம்ம வட்டிக்கடைக்காரர்கள் வர்றாங்க. கடையில் வாங்கின அரிசியில் கல் பொறுக்குற நம்ம ஊர்ப் பெண்களும் வர்றாங்க! அரிசி நிறத்திலேயே கல்லைத் தேடிக் கலக்கிறவன் இருக்கிறவரைக்கும், பொறுக்கத் தெரிஞ்ச கண்ணுக்கும் மரியாதை இருக்கும். பழைய வண்டிக்கும் அதேதான்.

சரி, நம்ம டிசையருக்கு வருவோம். இந்த வண்டி இந்த விலைக்கு என் முன்னாடி நிக்கிறதுக்கு மூணு காரணம். மூணும் அரசாங்க முடிவுகளிலிருந்து பிறந்தவை.

முதல் காரணம், 2006 மத்திய பட்ஜெட். நாலு மீட்டர் நீளத்துக்குள் இருக்கிற, எஞ்சினும் சின்னதா இருக்கிற காருக்கு (பெட்ரோல்னா 1200 சி.சி., டீசல்னா 1500 சி.சி. வரைக்கும்) உற்பத்தி வரி 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைஞ்சது. டிக்கி வெச்ச காரை எப்படி நாலு மீட்டருக்குள் அடக்குறது? டாடா இண்டிகோவின் வாலை நறுக்கி 2008-ல் சி.எஸ்.னு விட்டாங்க. அதே வருஷம் வந்த முதல் டிசையர் நாலு மீட்டரைத் தாண்டித்தான் இருந்தது. 2012-ல் அதையும் வெட்டி 3,995 மில்லிமீட்டருக்குள் கொண்டுவந்தாங்க. நான் பார்க்கிற வண்டியின் டிக்கி குட்டையா, பின்னாடி யாரோ கதவைச் சாத்தி நசுக்கின மாதிரி இருக்கே, அது டிசைனர் பண்ணின குத்தமில்லை. வரிச் சட்டம் பண்ணின வேலை. 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி.யைக் குறைச்சப்போகூட அதே நாலு மீட்டர் கணக்கு வந்து நின்னது.

ரெண்டாவது, டீசல் விலை. 2010-ல் பெட்ரோல் விலையைச் சந்தைக்கு விட்டுட்டாங்க, டீசலை 2014 அக்டோபர் வரைக்கும் அரசு பிடிச்சு வெச்சிருந்தது. நடுவில் இருந்த அந்த நாலு வருஷம்தான் டீசல் காரின் பொற்காலம். 2012 மே மாசம் டெல்லியில் பெட்ரோல் 73 ரூபாய், டீசல் 41 ரூபாய். ஜனங்க டீசல் காருக்கு அலைமோதினாங்க. மாருதி, டாடா, ஃபியட்டுன்னு ஆளாளுக்கு ஒரே எஞ்சினைப் பூட்டினாங்க. ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் அது. 'தேசிய எஞ்சின்'னு பட்டப்பேரே உண்டு. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்ததும் அந்த எஞ்சினுக்கு இங்கே மூடுவிழா நடந்தது, மாருதி டீசல் காரையே விட்டுடுச்சு.

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் பளிச்சுனு பட்டது. 2012-ல் டீசல் டிசையர் வாங்கினவர், பெட்ரோல் வண்டியைவிட ஏறக்குறைய ஒரு லட்ச ரூபாய் கூடக் கொடுத்திருக்கார். பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 16, டீசல் வண்டி 20 கிலோமீட்டர்னு வெச்சுக்குங்க. அன்னிக்கு விலைக்குக் கிலோமீட்டருக்கு ரெண்டரை ரூபாய் மிச்சம். கூடக் கொடுத்த அந்த லட்சத்தை மீட்கவே 40,000 கிலோமீட்டர் ஓட்டியாகணும். அப்போ யார் டீசல் வாங்கியிருப்பாங்க? நிறைய ஓட்டுறவங்கதான். இப்படி ஒரு காலத்தில் பிறந்த வண்டி 2,14,000 காட்டுதுன்னா வருஷத்துக்குப் பதினஞ்சாயிரம் சொச்சம். நியாயமான கணக்கு. அதே வருஷத்து டீசல் வண்டி 62,000 காட்டினாத்தான் எனக்கு அடிவயிறு கலங்கணும். கேபிள் கழட்டுற காலம் போய் லேப்டாப்பில் மீட்டரைத் திருத்துற காலம் இது. குறைச்சுக் காட்டினா லாபம் கிடைக்கிற சந்தையில், ஒரு மீட்டர் தன்னைப் பத்திக் கெட்ட செய்தி சொல்லுதுன்னா, அதை நம்புறதுக்குத்தான் காரணம் அதிகம்!

மூணாவது காரணம் பதினஞ்சு வருஷக் கெடு. 2027-ல் இந்த வண்டியின் பதிவு முடியுது. எஃப்.சி. காட்டி இன்னும் அஞ்சு வருஷம் நீட்டிக்கலாம். ஆனா 600 ரூபாயா இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ஆச்சு. வண்டி தேறுமான்னு பயம் வேற. அதனால பதினாலு வருஷத்தில் நிறைய பேர் கைமாத்தி விடறாங்க. டெல்லிப் பக்கம் பத்து வருஷ டீசல் வண்டிக்குத் தடைன்னு 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதிலிருந்து அந்த ஊர் வண்டிகளும் மலிவா வெளி மாநிலங்களுக்குக் கிளம்பிடுச்சு. ஆக விலை இறங்கினது முழுக்க எஞ்சின் தேஞ்சதால் இல்லை. சட்டத்தோட காலண்டரும் சேர்ந்து இறக்கியிருக்கு.

எங்க ஊர்க்காரங்களுக்கு மட்டும் இன்னொரு கணக்கு உண்டு. மடுகரை நெட்டப்பாக்கம் கம்யூனில் இருக்கு. பிரெஞ்சுக்காரங்க விட்டுட்டுப் போன வரைபடம் அப்படி, நம்ம நிலம் தமிழ்நாட்டுக்கு நடுவில் துண்டு துண்டாக் கிடக்கு. கொஞ்ச தூரம் வண்டியை உருட்டினா விழுப்புரம் மாவட்டமோ கடலூர் மாவட்டமோ வந்துடும். இந்த டிசையர் பி.ஒய்.01 பதிவு. நான் வாங்கினா இங்கேயே பேர் மாத்திக்கிட்டா முடிஞ்சது. எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற என் சிநேகிதன் இதே வண்டியை வாங்கி அங்கே வெச்சுக்கணும்னா தடையில்லாச் சான்று, தமிழ்நாட்டு வரி, மறுபதிவுன்னு செலவு எகிறும். அவன் பக்கத்து டி.என். வண்டியை நான் வாங்கினா எனக்கும் அதே கதை. ஒரே வண்டி, எல்லைக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு விலை. புதுச்சேரியில் வரி குறைச்சல்னு வெளியூர்க்காரங்க பொய் முகவரி கொடுத்துச் சொகுசுக் கார்களைப் பதிவு பண்ணி, 2017-ல் கேரளாவில் பெரிய சர்ச்சையே ஆச்சு. நிஜமான முகவரிக்காரனுக்கு இதில் கிடைக்கிற ஆதாயம் இவ்வளவுதான், பக்கத்து வீதி வண்டியை இன்னொரு வரி கட்டாம வாங்கலாம்.

இப்போ முடிவு. எனக்கு வருஷத்துக்கு அஞ்சாயிரம் கிலோமீட்டர் போனாலே அதிகம். இன்னிக்கு டீசலுக்கும் பெட்ரோலுக்கும் லிட்டருக்குப் பத்து ரூபாய் அளவுதான் வித்தியாசம். டீசலுக்காக டீசல் வாங்கற காலம் முடிஞ்சு போச்சு. ஆனா அதனாலேயேதான் இந்த வண்டி மலிவாவும் வருது. அஞ்சு வருஷம் வெச்சிருந்தாலும் மீட்டரில் இன்னொரு 25,000 ஏறும், அவ்வளவுதான். எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் அண்ணன் வண்டியைச் சுத்தி வந்துட்டுச் சொன்னது இதுதான்: "மீட்டரை விடு தம்பி. காலையில ஆறு மணிக்கு, வண்டி ஆறிக் கெடக்கும்போது ஸ்டார்ட் பண்ணச் சொல்லு. ஆயில் மூடியைத் தொறந்து வெச்சுப் பாரு, புகை குபுகுபுன்னு வந்தா வேணாம்னு சொல்லிட்டு வந்துரு."

நான் போட்டிருக்கிற கணக்கு இது.

ஒண்ணு, சர்வீஸ் பில்கள். ஒவ்வொரு சர்வீஸிலும் கிலோமீட்டர் எழுதியிருப்பாங்க. அது வரிசையா ஏறிக்கிட்டே வரணும், நடுவில் இறங்கக் கூடாது.

ரெண்டு, ஆர்.சி.யில் கடன் இருந்தா வங்கி கொடுக்கிற ஃபார்ம் 35. சேஸிஸ் நம்பரை நானே வண்டியில் பார்த்து ஒப்பிடணும்.

மூணு, ஃபார்ம் 29, 30 கையெழுத்துப் போட்டு உடனே பேர் மாத்துறது. "அப்புறம் பார்த்துக்கலாம்" கிடையாது. இதில் விக்கிறவருக்குத்தான் அக்கறை அதிகம் இருக்கணும். வித்துட்டுப் பேர் மாத்தாம விட்ட ஒருத்தர், நாலு கை மாறின பிறகு நடந்த விபத்துக்கும் பதிவில் இருக்கிற உரிமையாளர்ங்கிற முறையில் பொறுப்புன்னு 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு.

நாலு, 1,70,000-க்கு வாங்க மாட்டேன். கிளட்ச், சஸ்பென்ஷன், டயர், 2027 எஃப்.சி. எல்லாத்துக்கும் நாற்பதாயிரம் தனியா எடுத்து வெச்சிட்டு மீதிக்குத்தான் பேரம். 1,40,000-க்கு இறங்கினா எடுக்கிறேன். இன்ஜெக்டரோ டர்போவோ சந்தேகம்னு அண்ணன் சொல்லிட்டா, இறங்கினாலும் எடுக்கலை.

"ரெண்டு லட்சம் ஓடின வண்டியா"ன்னு வீட்டில் கேட்கிறவங்களுக்கு நான் சொல்லப் போறது ஒண்ணுதான். ரெண்டு லட்சம் ஓடினதுன்னு நமக்குத் தெரியுது. தெரிஞ்ச குறைக்கு விலை பேசலாம். அறுபதாயிரம்னு மீட்டர் சொல்ற வண்டியில் எது நிஜம்னே தெரியாது, தெரியாததுக்கு எங்கே போய் விலை பேசறது?

இதில் நான் விட்ட கணக்கு ஏதாவது இருந்தா, டீசல் வண்டியோட மாரடிச்ச அனுபவசாலிகள் ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க மக்களே. அன்னிக்குக் காலையில் ஆறு மணிக்குத்தான் அண்ணன் ஆயில் மூடியைத் திறக்கப் போறார்.