விடுப்புப் பயணமும் விருந்தினர் கடமையும்: நேபாள வரலாறு தரும் பாடம்

அலுவலிலிருந்து சில மாதங்கள் விடுப்புப் பெற்று, மலைநாடொன்றுக்குச் சென்று, அங்குள்ள மக்களுக்குத் தொண்டாற்றித் திரும்பும் விருப்பம் இன்று பலரிடம் காணப்படுகின்றது. குருமாரிலும் இறையியல் மாணவரிலும் இவ்விருப்பமுடையோர் உளர். இது நல்விருப்பமே. எனினும், இத்தகைய பயணத்தால் பயனடைவோர் யார் என்னும் வினாவை நாம் தவிர்த்தல் இயலாது. நேபாளத்தில் நடைபெற்ற கிறிஸ்தவத் தொண்டின் தொடக்கத்தில் இத்தகையதொரு பயணமே இருந்தது. ஆகவே அவ்வரலாற்றை இவ்வினாவோடு அணுகுவது தகும்.

1769-இல் பிருதிவி நாராயண் ஷா கப்புச்சின் துறவியரை வெளியேற்றிய பின்பு, ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் நேபாளத்தின் வாயில் அந்நியருக்கு அடைபட்டே இருந்தது. 1949-இல், முசூரியிலுள்ள உட்ஸ்டாக் பள்ளியின் ஆசிரியரான ராபர்ட் பிளெமிங், சிகாகோ அருங்காட்சியகத்திற்காகப் பறவைகளைச் சேகரிக்க இராணா அரசிடம் அனுமதி பெற்று, காளிகண்டகிப் பள்ளத்தாக்கிற்குச் சென்றார். உடன் சென்ற மருத்துவர் கார்ல் டெய்லர், வழியெங்கும் மக்களின் உடல்நிலையை ஆராய்ந்தார். பறவைகளைத் தேடிச் சென்ற அவர்கள் மருத்துவ உதவியற்ற மக்களைக் கண்டனர். 1951-52 குளிர்காலத்தில் பிளெமிங் மீண்டும் சென்றபோது, அவருடைய மனைவியான மருத்துவர் பெத்தேல் பிளெமிங்கும் மருத்துவர் கார்ல் பிரெடரிக்ஸும் தான்சேன் நகரில் நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தனர். அந்நகரத்தார், தங்களுக்கு மருத்துவமனை ஒன்று வேண்டுமெனக் கேட்டனர்.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அக்குறுகிய வாரங்களில் அளிக்கப்பட்ட மருந்து எத்தனை பேரை நிலையாகக் குணமாக்கியிருக்கும்? மிகச் சிலரையே எனலாம். அப்பயணத்தின் மெய்யான பயன் அவர்கள் கொடுத்ததில் இல்லை, செவிகொடுத்ததிலேயே இருந்தது. வேண்டுகோள் அந்நாட்டாரிடமிருந்து பிறந்தது, வந்தவர்கள் அதைக் கேட்டனர்.

1951-இல் இராணா ஆட்சி வீழ்ந்திருந்தது. தான்சேனில் மருத்துவமனையும், காத்மண்டு பள்ளத்தாக்கில் தாய்சேய் நல நிலையங்களும் அமைக்கப் புதிய அரசு 1953-இல் அனுமதி அளித்தது. பிளெமிங் தாம் சார்ந்த மெதடிஸ்டு மிஷனுக்கு மட்டும் இவ்வாய்ப்பை உரிமையாக்க முயலவில்லை. பல சபைகளும் கூடி உழைக்க வேண்டுமென்னும் கருத்து மேலோங்கி, 1954 மார்ச் 5-ஆம் நாள் நாகபுரியில் நேபாள ஐக்கிய மிஷன் தோன்றியது. பெத்தேல் பிளெமிங் காத்மண்டு பள்ளத்தாக்கிலும், பிரெடரிக்ஸ் தான்சேனிலும் பணியைத் தொடங்கினர். விடுப்பு நாள்களின் பயணம் பல்லாண்டுப் பணியாயிற்று.

அப்பணியோ விருந்தளித்தோரின் நிபந்தனைகளுக்குட்பட்டே நடந்தது. நேபாளியரைப் பயிற்றுவித்தல் வேண்டும், மதமாற்ற முயற்சியில் ஈடுபடலாகாது என்பன அவற்றுள் முதன்மையானவை. நற்செய்தி அறிவிக்க அழைக்கப்பட்டோர் இதற்கு இசைந்தது சரியோ என அன்றே கேட்டவர் உண்டு. இவ்வினாவை நாமும் எளிதாகத் தள்ளிவிட இயலாது. ஏனெனில் 1960-களின் தொடக்கத்தில், திருமுழுக்குக் கொடுத்த குற்றத்திற்காக டேவிட் முகியா என்னும் போதகர் அதே தான்சேனில் சிறைப்பட்டார். அவரிடம் திருமுழுக்குப் பெற்ற நேபாளியரும் சிறை சென்றனர். அயல்நாட்டார் வரம்பு மீறினால் பெரும்பாலும் நாட்டைவிட்டு அனுப்பப்படுவர், உள்நாட்டாரோ சிறை செல்வர். விருந்தினரின் துணிவிற்கு வீட்டார் விலை செலுத்த நேரிடும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது. 1990-ஆம் ஆண்டு மக்கள் இயக்கத்திற்குப் பின்னர், அப்போது சிறையிலிருந்த இத்தகையோர் விடுதலை பெற்றனர். 2017-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டமும் மதமாற்றத்தைத் தடைசெய்துள்ளது. நேபாளத் திருச்சபை நேபாளியரின் சாட்சியாலேயே வளர்ந்தது.

இதற்கு மாறான படமொன்றையும் நாம் நோக்குவோம். 1996 முதல் 2006 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போரின்போது, தொலைவான மலை மாவட்டங்களிலிருந்து பிள்ளைகள் கல்வியின் பேரால் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, தலைநகரின் இல்லங்களில் அநாதைகள் எனச் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் மிகப் பலருக்குப் பெற்றோர் உயிரோடிருந்தனர். சில வாரத் தொண்டுக்கு வந்த அயல்நாட்டாரின் அன்பும் காணிக்கையும் இவ்வில்லங்கள் பெருக ஒரு காரணமாயின. வந்தவர்கள் தீமை நினைத்தவர்கள் அல்லர். தங்களை அழைத்தவர் யார், எதற்காக அழைத்தனர் என்பதை அவர்கள் வினவவில்லை. அவ்வளவே.

1982-இல் பாட்டனில் எழுந்த மருத்துவமனை, மிஷனின் பழைய சாந்தபவன் மருத்துவமனையின் தொடர்ச்சியாகும். பின்னர் அது நேபாளியரின் பொறுப்பிற்கு வந்தது. 2008-இல் நிறுவப்பட்ட பாட்டன் மருத்துவ அறிவியல் கழகத்திற்கு அதுவே பயிற்சிக் களமாயிற்று. தொடங்கியவர் விலகியும் பணி நிலைத்தது என்பதே அதன் சிறப்பு.

ஆகவே விடுப்பெடுத்து மலைநாடு செல்ல விழையும் நம் இளைஞரைத் தடுப்பது நம் நோக்கமன்று. குறுகிய பயணத்தில் செல்வோர் கற்கவும் கேட்கவும் செல்லட்டும். அதைத் தொண்டு எனப் பெயரிட அவசரப்பட வேண்டாம். தொண்டாற்ற விரும்புவோர் அந்நாட்டு மொழியைக் கற்று, அங்குள்ள சபையின் ஆலோசனைக்குக் கீழ்ப்படிந்து, தாம் நீங்கிய பின்னும் நிற்கக்கூடிய பணியையே தெரிந்துகொள்ளட்டும். எழுபதின்மரை அனுப்பிய நம் ஆண்டவர், ஏற்றுக்கொள்ளும் வீட்டில் தங்கி, அங்கு வைக்கப்படுவதை உண்ணுமாறு பணித்தார். விருந்தினராயிருக்கக் கற்காதவர் ஊழியராயிருத்தல் அரிது.