திங்களும் புவிநிழலும்

சிவபெருமானது சடைமுடிக்கண் பிறையாய் விளங்குவது திங்கள். அதனை இராகு என்னும் அரவு பற்றுதலே கிரகணம் எனப் புராணங்கள் கூறும். புவியின் நிழல் மறைத்தலே சந்திர கிரகணம் எனக் கணித நூலார் கூறுவர். இவ்விரண்டனுள் ஒன்றைக் கொள்ளின் மற்றொன்றைத் தள்ளல் வேண்டுமோ என்னும் ஐயம் இன்று தோன்றியதன்று. ஆயிரத்து நானூறு ஆண்டுகட்கு முன்னரே அஃது எழுந்து ஆராயப்பட்டது.

கி.பி. 476-இல் பிறந்த ஆரியபடர், 499-ஆம் ஆண்டளவில் இயற்றிய ஆரியபடீயத்தின் கோளபாதத்தில், கோள்களின் ஞாயிற்றை நோக்கிய பாதியே ஒளிபெறும், மறுபாதி இருண்டிருக்கும் என்றார். திங்கள் ஞாயிற்றை மறைப்பது சூரிய கிரகணம். புவிநிழல் திங்களை மறைப்பது சந்திர கிரகணம் என்பதும் அவர் துணிபு. திங்கள் நீர்மயம் என்ற அவர் கூற்று மட்டும் நிலைபெறவில்லை. 1969-இல் ஆண்டுச் சென்றோர் கொணர்ந்தவை கல்லும் துகளுமே.

628-இல் பிராமஸ்புட சித்தாந்தம் இயற்றிய பிரமகுப்தர் இக்கொள்கையைக் கடிந்தார். இராகு மறைப்பதில்லையெனின் வேதமும் மிருதியும் பழுதாமே என்பது அவர் அச்சம். ஆயினும் கிரகணத்தைக் கணிக்குமிடத்து அவரும் நிழலின் அளவையே கொண்டார். கி.பி. 1030-ஆம் ஆண்டளவில் பாரத நாட்டைக் குறித்து நூலெழுதிய அல்பிரூனி இம்முரணை எடுத்துக்காட்டினார்.

பிரமகுப்தர்க்கு முற்பட்ட வராகமிகிரரோ, தமது பிருகத் சம்ஹிதையில் இவ்வையத்திற்கு விடை கண்டிருந்தார். கிரகணத்திற்குக் காரணம் நிழலே. ஆயினும் அக்காலத்து இடப்பெறும் அவியிலும் தானத்திலும் பங்குபெறுமாறு இராகு வரம்பெற்றமையின், அவன் அப்பொழுது அணுகுகின்றான். அதுபற்றியே உலகோர் அவன் பற்றினான் என்பர். இது வராகமிகிரர் கண்ட அமைதி.

கணிதநூலார் வழக்கிலும் இராகு கேதுக்கள் பொய்ப்பெயர்கள் அல்ல. திங்களின் வழி, ஞாயிற்றின் வழிக்கு ஏறக்குறைய 5 பாகை சாய்ந்துள்ளது. அவ்விரு வழிகளும் வெட்டும் இடங்களே இராகு, கேது எனப்படும். முழுமதி அவ்விடங்களை அணுகியபொழுதே கிரகணம் நிகழும். அதனாலன்றோ திங்கள்தோறும் நிகழ்வதில்லை. அவ்விடங்கள் பின்னோக்கி நகர்ந்து ஒரு சுற்று முடிக்க 18 ஆண்டும் ஏழு மாதமும் ஆகும்.

புவியினின்று சராசரி 2,39,000 மைல் தொலைவிலுள்ள திங்கள், 27 நாளும் ஏறத்தாழ 8 மணியும் கொண்டு விண்மீன்களிடையே ஒரு சுற்று வருகிறது. நாள்மீன் இருபத்தேழாகப் பகுக்கப்பட்டது இதனோடு ஒக்கும். அதற்குள் புவியும் ஞாயிற்றைச் சுற்றிச் சிறிது சென்றுவிடுதலின், ஒரு பூரணையினின்று மறு பூரணைக்கு ஏறத்தாழ இருபத்தொன்பதரை நாள் ஆகின்றது.

இக்கணிதம் தமிழகத்தே ஏட்டளவில் நில்லாது மனப்பாடமாகவும் வாழ்ந்தது. 1825-இல் புதுச்சேரியிலிருந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், வாய்பாடுகளை நினைவிற்கொண்டு, தரையிற் சோழிகளைப் பரப்பி, அவ்வாண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். அதனைக் காலசங்கலிதம் என்னும் நூலிற் பதிந்தவர் ஜான் வாரன் என்னும் துரை. கணிதர் கண்ட தொடக்க நேரம் உண்மை நேரத்தினின்று 4 நிமிடமே வேறுபட்டது. நடுவும் முடிவும் கூடுதலாகப் பிழைத்தனவாயினும் ஒரு மணிக்கு உட்பட்டன. கிரகணகாலத்து நீராடலும் செபமும் குறித்த நேரத்தில் நிகழக் கணிதமே துணைநின்றது. கணிதம் வழிபாட்டிற்குப் பகையன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

இனி, இவ்வுண்மை சித்தாந்திகட்கு ஓர் உவமையும் தரும். திங்கள் தானே ஒளிராது, ஞாயிற்றின் ஒளியால் விளங்கும். உயிரும் தானே அறியாது, இறைவன் அறிவிக்க அறியும். நிழல் திங்களை மறைக்குங்காலும் ஞாயிறு ஒளி குன்றுவதன்று. ஆணவம் உயிரை மறைக்குங்காலும் இறைவனருள் குன்றுவதன்று. ஆயினும் இவ்வுவமையை முற்றும் கொள்ளலாகாது. புவிநிழல் சில நாழிகையில் தானே அகலும்; ஆணவமோ திருவருளாலன்றி அகலாது. மறைப்பு நீங்கும் நேரத்தைக் கணிதர் சோழியால் அறிந்தார். மலம் நீங்கும் நேரத்தை அறிபவன் சிவபெருமான் ஒருவனே.