ஆற்றல் மேலாண்மை: எண்ணூர் – பழவேற்காடு கரை

ஆலை, துறைமுகம், வணிகக் கட்டடம் ஆகியவை எந்த நேரத்தில் எதற்காக எவ்வளவு மின்சாரமும் எரிபொருளும் செலவிடுகின்றன என்று அளந்து, அந்தக் கணக்கைக் கொண்டே இயந்திரங்களை ஓட்டுவதும் நிறுத்துவதும் ஆற்றல் மேலாண்மை எனப்படும். மீட்டர், கட்டுப்பாட்டுக் கருவி, இரண்டையும் இணைக்கும் கணினி ஆகிய மூன்றும் அதன் உறுப்புகள். தமிழ்நாட்டில் இது வளர்ந்த கதையை ஒரே கரையில் நின்று பார்க்க விரும்புவோர் எண்ணூர்க் கழிமுகத்திலிருந்து பழவேற்காடு ஏரி வரை நடந்தால் போதும். மின்சாரத்தை ஆக்கும் நிலையங்களும் அதைப் பெருமளவில் விழுங்கும் ஆலைகளும் அங்கே பக்கம்பக்கமாக நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே மீனவர் குப்பங்கள்.

உள்ளதை முறைவைத்துப் பகிர்வது இக்கரைக்குப் புதிதல்ல. பழவேற்காட்டில் கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் ஏரியில் இறால் பிடிக்கும் இடங்களைத் தலைக்கட்டு வாரியாகச் சீட்டுப் போட்டுப் பகிரும் வழக்கத்துக்குப் ‘பாடு’ என்று பெயர். இன்று யார் எங்கே வலை வைப்பது என்பதை ஊர் தீர்மானிக்கும். மின்தேவை மிகும் நேரத்தைக் குறிக்கும் மின்வாரியத்தின் ‘பீக் ஹவர்’ அட்டவணை இதற்கு வெகுகாலம் பிந்தியது. பாடு முறையைப் போல அது ஊர் கூடி எடுத்த முடிவும் அல்ல.

எண்ணூர் அனல்மின் நிலையத்தின் ஐந்து அலகுகள் 1970 முதல் 1975 வரை ஒவ்வொன்றாக இயங்கத் தொடங்கின. மொத்தத் திறன் 450 மெகாவாட். அக்காலக் கட்டுப்பாட்டு அறை என்றால் முள் அசையும் அளவிகள், ரிலேக்கள், ஒரு தொலைபேசி. டர்பைனின் வேகத்தை நிலைநிறுத்திய கவர்னரின் மூதாதை, ஜேம்ஸ் வாட் 1788இல் நீராவி எஞ்சினில் பொருத்திய சுழல்குண்டுக் கருவி. ரிலேக்களின் இடத்தைப் பிடித்த பி.எல்.சி. எனும் நிரல்வழிக் கட்டுப்பாட்டுக் கருவி 1968இல் அமெரிக்காவில் உருவானது. தொலைவிலுள்ள கருவிகளைத் திரையில் காட்டும் ஸ்காடா அமைப்பு பின்னர் பரவியது. வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் மூன்று அலகுகள் (முதல் நிலை; தலா 210 மெகாவாட்) 1994–96இல் வந்தன.

நுகர்வோர் பக்கத்தில் மேலாண்மையைக் கற்றுக்கொடுத்தது மின்கட்டணமே. உயரழுத்த இணைப்பு பெற்ற ஆலை, ஓடிய யூனிட்டுகளுக்கு மட்டும் பணம் கட்டுவதில்லை. மாதத்தில் ஏதோ ஒரு கால் மணியிலோ அரை மணியிலோ அது இழுத்த மிக உயர்ந்த சுமைக்கும், அதாவது ‘மேக்சிமம் டிமாண்ட்’டுக்கும், தனியே கட்ட வேண்டும். கடலோர ஐஸ் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். அமோனியா கம்ப்ரசர்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தட்டிவிட்டால், அந்தச் சில நிமிடங்கள் மாதம் முழுவதற்குமான பில்லை ஏற்றிவிடும். ஆகவே ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓடவிடுவார்கள். இழுக்கும் மின்சாரத்தில் வேலைக்குப் பயன்படும் விகிதமான பவர் பேக்டர் இறங்கினால் அபராதம் உண்டு, அதைத் தவிர்க்கக் கெப்பாசிட்டர்கள். ஐஸ் கம்பெனிக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. உப்புநீர்த் தொட்டியில் உறையும் கட்டி மின்சாரத்தைச் சேமித்து வைப்பதற்குச் சமம். மாலைப் பீக் நேரக் கூடுதல் கட்டணத்துக்குத் தப்பி இரவுச் சலுகையில் உறையவைத்து, விடியலில் வரும் மீனுக்குக் கொடுக்கலாம். பெரிய குளிரூட்டு நிலையங்கள் கணினி வைத்துச் செய்வதும் இதையேதான்.

மின்கட்டமைப்பு முழுவதற்கும் இதே பாடம் 2003 ஜனவரியில் வந்தது. 1990களில் தென்மண்டலத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து அடிக்கடி 48 அளவுக்குச் சரிந்துவிடும். எங்கோ ஒருவர் ஒதுக்கீட்டுக்கு மேல் இழுத்தால் எல்லோருடைய மோட்டாரும் மந்தமாகும். மின்நிலையத்தின் சொந்த பம்புகளும் காற்றாடிகளுமே தளர்ந்தன. கிடைப்புத்தன்மை சார்ந்த கட்டணமுறை வந்தபின், அதிர்வெண் குறைந்திருக்கும்போது மிகையாக இழுத்தவர் அதிகம் செலுத்த வேண்டியதாயிற்று. பல ஆண்டுகள் கெஞ்சியும் நடக்காதது கட்டணத்தால் விரைவில் நடந்தது.

பிறகு தட்டுப்பாட்டுக் காலம். 2008 நவம்பரில் உயரழுத்த நுகர்வோருக்கு 40 விழுக்காடு மின்வெட்டு விதிக்கப்பட்டது. இக்கட்டுப்பாடுகள் மாறி மாறித் தொடர்ந்து, 2015 ஜூனில்தான் நீங்கின. சுமையைக் கண்காணித்து ஒதுக்கீட்டைத் தாண்டும் முன்பே சில இயந்திரங்களை நிறுத்தும் கருவிகளின் அருமையைத் தொழிற்சாலைகள் அப்போது உணர்ந்தன. டீசல் ஜெனரேட்டர் விற்றவர்களுக்கும் அது நல்ல காலம்தான். இதற்கு முன்பே 2001ஆம் ஆண்டின் ஆற்றல் சேமிப்புச் சட்டம் 2002 மார்ச்சில் நடைமுறைக்கு வந்து, ஆற்றல் திறன் செயலகம் அமைந்தது. அதன் ‘பாட்’ (PAT) திட்டம் 2012இல் தொடங்கியபோது 478 பெரும் நுகர்வோர் ஆற்றல் சிக்கன இலக்குக்குள் கொண்டுவரப்பட்டனர். அனல்மின் நிலையங்களும் அப்பட்டியலில் ஒரு துறை. மின்சாரம் ஆக்குபவரும் மின்சாரம் தின்பவரே என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டது.

சிக்கனத்தின் நேர்த்தியான பொறியியலைக் காண இதே கரையிலுள்ள காட்டுப்பள்ளிக்குப் போக வேண்டும். மீஞ்சூர் ஆலை என்று அறியப்படும் கடல்நீர்க் குடிநீராக்கும் நிலையம் 2010 ஜூலையில் அங்கே திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். கடல்நீரைச் சவ்வு வழியே தள்ள 60 பார் அளவுக்கு அழுத்தம் தேவை. உள்ளே போகும் நீரில் பாதிக்கு மேல் உப்பு செறிந்த கழிவாகவே வெளியேறுகிறது, அதுவும் ஏறக்குறைய அதே அழுத்தத்தோடு. அழுத்த மாற்றி எனும் சுழலும் பீங்கான் உருளை அந்த அழுத்தத்தைப் புதிதாக வரும் கடல்நீருக்கு நேரடியாகக் கைமாற்றுகிறது. வீணாவது மிகக் குறைவு. இதனால் கனமீட்டருக்கு 3 முதல் 4 யூனிட் போதுமானதாகிறது. அப்படியும் இந்த அளவு ஆலைக்கு நாளொன்றுக்கு 3 முதல் 4 லட்சம் யூனிட் வேண்டும்.

இந்த அளவுக் கண்ணும் கருத்தும் மின்நிலையத்தின் வெந்நீருக்குக் கிடைக்கவில்லை. நிலக்கரியின் வெப்பத்தை நூறு பங்கு என்றால், பழைய அலகுகளில் மின்சாரமாவது ஏறக்குறைய 35 பங்கு. பத்துப் பங்குக்கு மேல் புகைபோக்கி வழியே போகிறது. பாதியளவு, நீராவியை மீண்டும் நீராக்கும் கண்டன்சரைக் குளிர்விக்கும் நீரில் சேர்கிறது. வடசென்னை முதல் நிலையின் அந்த நீர் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்துக்குப் போகிறது. 1999 ஜூனுக்குப் பின் தொடங்கும் கடலோர நிலையங்கள் சுற்று நீரைவிட 7 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான நீரை விடக்கூடாது என்பது விதி. முந்தியவற்றுக்குக் கண்டன்சரில் 10 டிகிரி ஏற்றம் வரை அனுமதி. முதல் நிலையின் மூன்று அலகுகளும் முந்தியவை. நீர் சூடேற அதில் கரையும் உயிர்வளி குறையும். இறாலுக்கும் மீனுக்கும் அது போதாது. கண்டன்சருக்குள் போகும் நீரின் வெப்பமும் வெளிவரும் நீரின் வெப்பமும் கட்டுப்பாட்டு அறையில் அளக்கப்படுவது டர்பைனின் திறனை அறிவதற்காகத்தான்.

சாம்பலுக்கும் இதே நிலை. வடசென்னை நிலையத்தின் சாம்பல் குழம்பைக் கொண்டுசென்ற குழாய்கள் கசிந்து, சாம்பல் கொசஸ்தலையாற்றில் படிந்தது. காட்டுக்குப்பத்து மீனவர் ஒருவர் தொடுத்த வழக்கில், 2022இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அந்நிலையத்தை நடத்திய மின் உற்பத்திக் கழகத்தைப் பொறுப்பாக்கியது. எண்ணூர்ப் பழைய நிலையம் அதற்கு ஐந்து ஆண்டு முன்பே, 2017 மார்ச்சில் மூடப்பட்டிருந்தது. வடசென்னை மூன்றாம் நிலையின் 800 மெகாவாட் அலகு 2024 மார்ச்சில் தொடங்கிவைக்கப்பட்டது. அது அதிமிகை அழுத்த நீராவியில் ஓடுவதால் ஒவ்வொரு யூனிட்டுக்கும் எரியும் கரியும் சேரும் சாம்பலும் பழைய அலகுகளைவிடக் குறைவு.