ஜப்பானில் நரேன்: ஆறு வருடக் கணக்கு

குண்டலுபேட்டைக்கு மாற்றலாகி வந்து இது மூன்றாவது வருடம். ஊரைத் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: மைசூரிலிருந்து தெற்கே வரும் சாலை இங்கேதான் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று பந்திப்பூர் காடு வழியாக ஊட்டிக்கு, இன்னொன்று சுல்தான் பத்தேரி வழியாகக் கோழிக்கோட்டுக்கு. முன்பு மைசூர் மாவட்டம், இப்போது சாமராஜநகர் மாவட்டம். சனி, ஞாயிறு வந்தால் பெங்களூர்ப் பையன்கள் பெரிய பெரிய பைக்குகளில் உறுமிக்கொண்டு போவார்கள். ராத்திரி ஒன்பது மணிக்குக் காட்டு கேட்டை மூடிவிட்டால் சத்தம் அடங்கிவிடும் (2009லிருந்து இரவுப் போக்குவரத்துக்குத் தடை).

போன மாதம் வண்டிக் கடன் விஷயமாக அப்படி ஒரு பையன் வந்தான். நான் கோயமுத்தூர்க்காரன் என்று தெரிந்ததும் கேட்டான்: "நிம் ஊரின நரேன் ஏனாதரு சார்?" உங்க ஊர் நரேன் என்ன ஆனார் என்று கேட்கிறான். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே அடுத்ததையும் சொல்லிவிட்டான். ஆறே கார் ஓடின பந்தயத்தில் நாலாவது வந்தவர்தானே என்று. பக்கத்து கவுண்டரில்கூட ஒரு சிரிப்புக் கேட்டது.

எனக்குச் சுருக்கென்றது. பையன் சொன்னது பொய்யில்லை. ஆனால் ஒரு மனுஷனின் முப்பது வருட லெட்ஜரில் ஒரே ஒரு பதிவை மட்டும் படித்துவிட்டுக் கணக்கை முடிப்பது எந்த ஊர் நியாயம்? பி.காம் படித்த புத்தி, விடமாட்டேன் என்கிறது :-)

முதலில் அந்த ஆறு கார் விஷயத்தை முடித்துவிடுவோம். 2005 ஜூன் 19, அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ். மிஷலின் டயர்கள் அந்த ஓடுதளத்தின் சரிவான வளைவைத் தாங்காது என்று தெரிந்துவிட்டது. அணிவகுப்புச் சுற்று முடிந்ததும் மிஷலின் போட்டிருந்த 14 கார்களும் உள்ளே போய்விட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்டிருந்த ஆறு கார்கள் மட்டும் மிச்சம்: ஃபெராரி இரண்டு, ஜோர்டான் இரண்டு, மினார்டி இரண்டு. ஷூமாக்கர், பேரிக்கெல்லோ, மான்டெய்ரோ, அடுத்து நரேன் கார்த்திகேயன். ஐந்து புள்ளிகள். ஃபார்முலா ஒன்னில் அவர் வாங்கிய மொத்தப் புள்ளியும் அதுதான். அதிர்ஷ்டம் என்கிறார்கள். சரி. ஆனால் அந்த கிரிட்டில் நிற்பதற்கு முன்னால் என்ன நடந்தது என்று யாரும் கேட்பதில்லை.

அதைச் சொல்லக் கோவையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பஞ்சாலை, பம்ப்செட், ஃபவுண்டரி என்று ஊர் முழுக்க லேத் ஓடிக்கொண்டிருந்த காலம். நரேனின் அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன் ரேலி ஓட்டுநர், தென்னிந்திய ரேலியை ஏழு முறை வென்றவர். உறவினர் எஸ். கரிவரதன் மில் முதலாளிக் குடும்பத்துப் பிள்ளை, ஆனால் கையில் கிரீஸ் ஒட்டினால்தான் சந்தோஷப்படுகிற ஆள். அந்த நாளில் நம் பக்கத்துப் பந்தயம் என்றால் சென்னைக்கு வடக்கே சோழவரம். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான ஓடுதளம் வந்தது. கரிவரதன் செய்த பெரிய காரியம், மாருதி 800 எஞ்சினைப் போட்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டியது. ஃபார்முலா மாருதி. வெளிநாட்டுக் காரை இறக்குமதி செய்ய முடியாத பிள்ளைகளுக்கு அதுதான் பள்ளிக்கூடம். 1977இல் பிறந்த நரேனும் அதில்தான் ஏறினார்.

கரிவரதன் 1995இல் ஒரு விமான விபத்தில் போய்விட்டார். இருந்திருந்தால் இந்தக் கதையின் கடைசிப் பகுதி வேறு மாதிரி இருந்திருக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம். அதற்குப் பிறகு வருகிறேன். செட்டிபாளையத்தில் 2003இல் திறந்த ஓடுதளத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

நரேன் 1992இல் பிரான்சில் பந்தயப் பள்ளி, அப்புறம் இங்கிலாந்து, 1994இல் அங்கே ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரில் பட்டம். 1996இல் ஃபார்முலா ஆசியா பட்டம். பிறகு பிரிட்டிஷ் ஃபார்முலா 3. 2001இல் ஜப்பானின் ஃபார்முலா நிப்பான் தொடர் (இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்). அதே வருடம் ஜூன் 14 அன்று சில்வர்ஸ்டோனில் ஜாகுவார் அணியின் காரைச் சோதனைக்கு ஓட்டினார். ஃபார்முலா ஒன் காரை ஓட்டிய முதல் இந்தியர்.

இங்கேதான் என் மாதிரி ஆட்களுக்குப் புரிகிற விஷயம் வருகிறது. சின்ன அணிகளில் இருக்கை சும்மா கிடைக்காது. ஓட்டுநர் தன்னோடு ஸ்பான்சர் பணத்தையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும். 2004க்கு மினார்டி அணி இடம் தரத் தயாராக இருந்தும், அந்தப் பணம் சேராததால் கை நழுவியது. அடுத்த வருடம் டாடா போன்றவர்கள் பின்னால் நின்றதால் ஜோர்டான் கிடைத்தது. நம்மிடம் கடன் கேட்டு வருகிறவரிடம் "மார்ஜின் பணம் இருக்கா?" என்று கேட்போமே, அதே கதை. திறமை விண்ணப்பப் படிவம் மட்டும்தான். இதைக் கேவலமாக நினைக்க வேண்டியதில்லை, நிக்கி லாடாவே ஆரம்பத்தில் வங்கிக் கடன் வாங்கித்தான் இருக்கை பிடித்தார்.

ஜோர்டானுக்குப் பிறகு 2006, 2007இல் வில்லியம்ஸ் அணியின் சோதனை ஓட்டுநர். 2007 டிசம்பரில் சீனாவின் ஜூஹாயில் ஏ1 ஜிபி பந்தயத்தில் இந்திய அணிக்கு முதல் வெற்றி. 2009இல் லீ மான் 24 மணி நேரப் பந்தயம் தொடங்கும் முன் பிட் சுவரிலிருந்து விழுந்து தோள்பட்டை விலகியது. உட்கார்ந்து பார்க்கத்தான் முடிந்தது. 2010இல் பத்மஸ்ரீ, அதே வருடம் அமெரிக்காவில் நாஸ்கார் டிரக் பந்தயம். வேலை எங்கே கிடைக்கிறதோ அங்கே பெட்டி கட்டிய வருடங்கள். வெளியூரில் பிழைக்கிற நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

2011இல் மறுபடி ஃபார்முலா ஒன், ஹெச்ஆர்டி என்ற ஸ்பெயின் அணி. மிக மெதுவான கார். ஆஸ்திரேலியாவில் 2011, 2012 இரண்டு வருடமும் தகுதி நேரமே எட்டவில்லை. 2011 நடுவில் ரெட் புல் தன் பையன் டேனியல் ரிக்கார்டோவை அனுப்ப, நரேன் எழுந்து இடம் கொடுக்க வேண்டியதாயிற்று. அக்டோபர் 30 அன்று நொய்டாவில் நடந்த முதல் இந்திய கிராண்ட் பிரீக்குத் திரும்ப வந்தார். முடிவு: நரேன் 17, அதே அணியில் அதே மாதிரிக் காரில் ரிக்கார்டோ 18. பின்னாளில் எட்டு கிராண்ட் பிரீ ஜெயித்த ரிக்கார்டோதான். ஆறு கார்க் கதை தெரிந்தவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? 2012 முடிவில் அணியே மூடிவிட்டது. 46 பந்தயங்களோடு ஃபார்முலா ஒன் கணக்கு முடிந்தது. நொய்டா பந்தயமும் 2013க்குப் பிறகு நின்றுபோனது.

நம் பத்திரிகைகளும் ஏறக்குறைய அங்கேயே முற்றுப்புள்ளி வைத்துவிட்டன. வயது 35. திரும்பி வந்து திறப்பு விழாக்களுக்கு ரிப்பன் வெட்டிக்கொண்டு இருந்திருக்கலாம். அவர் 2014இல் ஜப்பானுக்குப் போனார். 2001இல் ஓட்டிய அதே தொடர், பெயர் மட்டும் சூப்பர் ஃபார்முலா என்று மாறியிருந்தது. சுசூகா, ஃபூஜி, மோட்டேகி, சுகோ என்று வருடத்துக்கு ஏழு சுற்று. 2014 முதல் 2018 வரை ஐந்து வருடம், நான்கு அணிகள்: இம்புல், டேன்டிலயன், லீ மான், நகஜிமா.

அந்தத் தொடரின் தரம் என்ன என்று கேட்பீர்கள். 2016இல் மெக்லாரன் தன் வந்தூர்னையும், 2017இல் ரெட் புல் தன் கேஸ்லியையும் ஃபார்முலா ஒன்னுக்கு முன் பழகிவர அனுப்பிய இடம் அது. லீ மானை மூன்று முறை வென்ற லாட்டரர் அங்கே நிரந்தர ஆள். இவர்களோடு, முக்கால்வாசிப் பேர் தன்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவர்கள், நாற்பதைத் தாண்டியும் சுற்றிக்கொண்டிருந்தார். ஜெயித்தாரா? சூப்பர் ஃபார்முலாவில் ஒரு பந்தயமும் ஜெயிக்கவில்லை. ஸ்பான்சர் இல்லாமல் ஓட்டினார் என்றும் சொல்லமாட்டேன், கடைசி வருடம் அணியின் பெயரிலேயே டிசிஎஸ் இருந்தது. ஆனால் ஐந்து வருடம் ஒருவரை யாராவது ஒருவர் மறுபடி மறுபடி வேலைக்கு வைத்துக்கொண்டால், அதுவும் ஜப்பானில், அதற்கு ஒரு மதிப்பு உண்டு. புதுப்பிக்கப்பட்ட கணக்கை நாங்கள் மோசமான கணக்கு என்று எழுதுவதில்லை.

2019 தொடக்கத்தில் ஒற்றை இருக்கைக் கார்களை விட்டுவிடுவதாகச் சொன்னார். வயது 42. கழுத்தும் முதுகும் ஒவ்வொரு வளைவிலும் வாடகை கேட்கிற தொழில் அது. அவர் இருந்த நகஜிமா அணியில் அந்த வருடம் உட்கார்ந்தவர்கள் டடாசுகே மகினோ, அலெக்ஸ் பலோ. இரண்டு பேரும் அவரைவிட இருபது வயது சின்னவர்கள். பலோ பிறகு அமெரிக்கா போய் இண்டிகார் பட்டத்தை நான்கு முறையும், 2025இல் இண்டியானாபோலிஸ் 500ஐயும் வென்றார். நரேனின் பெயரோடு ஒட்டிக்கொண்ட அதே இண்டியானாபோலிஸ், பாருங்கள்!

ஒதுங்கினவர் வீட்டுக்கு வரவில்லை. அதே நகஜிமா அணிக்காக சூப்பர் ஜிடி தொடரில் ஹோண்டா என்எஸ்எக்ஸ் ஓட்டினார். ஒரு காருக்கு இருவர், முறை வைத்து ஓட்ட வேண்டும். ஜோடி அந்த மகினோவேதான். சீசன் சுமார். ஆனால் வருடக் கடைசியில் ஜெர்மனியின் டிடிஎம் கார்களையும் சூப்பர் ஜிடி கார்களையும் ஃபூஜியில் ஒன்றாக ஓடவிட்டார்கள். நவம்பர் 24, ஞாயிறு. எல்லாருக்கும் ஒரே டயர். விபத்தும் பாதுகாப்புக் காரும் மறுதொடக்கமுமாக ஒரே களேபரம். அதில் முதலாவதாக வந்தது நரேன். இந்த முறை கார்களெல்லாம் ஓடின, யாரும் உள்ளே போகவில்லை.

கரிவரதன் விஷயத்துக்கு வருகிறேன் என்றேனே. நகஜிமா அணி சடோரு நகஜிமாவுடையது, 1987இல் ஃபார்முலா ஒன்னுக்குப் போன ஜப்பான்காரர். இம்புல் அணி பழைய சாம்பியன் ஹோஷினோவுடையது. அந்த நாட்டில் ஓட்டுவதை நிறுத்தினவர் அணி வைப்பார், அடுத்தவனை உட்கார வைப்பார், கம்பெனிகள் பின்னால் நிற்கும். நம் ஊரில் அப்படி ஒரு தொழிலைக் கட்டத் தொடங்கியவர் கரிவரதன். நரேன் திரும்பி வந்தபோது உட்கார அந்த நாற்காலி இல்லை. சென்னை கருண் சந்தோக்குக்கும் அதேதான், அவர் மைக்கைப் பிடித்து லண்டனில் நல்ல விமர்சகர் ஆகிவிட்டார். நரேன் 2020இல் கோவையில் டிரைவ்எக்ஸ் என்று பழைய இருசக்கர வண்டிகளை வாங்கிச் சரிசெய்து விற்கும் கம்பெனி தொடங்கினார். 2022இல் டிவிஎஸ் அதில் பெரும் பங்கு வாங்கியது. (பழைய பைக்குக்குக் கடன் கொடுக்க எங்கள் மாதிரி வங்கிகள் எவ்வளவு தயங்குவோம் என்று எனக்குத் தெரியும். தைரியமான தொழில்தான்.)

பந்தயத்தை முழுசாக விட்டாரா என்றால் அதுவும் இல்லை. 2021இல் அர்ஜுன் மைனி, நவீன் ராவோடு மூன்று இந்தியர்களாக ஆசிய லீ மான் தொடரில் ஓட்டினார். 2025இல் நம்ம அஜித் குமாரின் அணியில் அதே தொடருக்குச் சேர்வதாக அறிவிப்பு வந்தது. வருடம் முழுக்க இல்லை, சில வார இறுதிகள்தான்.

பையனின் கடன் சாங்ஷன் ஆகிவிட்டது. சாவி வாங்க வந்த அன்று ஃபூஜி பந்தயத்தைப் பற்றிச் சொன்னேன். போனில் தேடிப் பார்த்துவிட்டு, "எரடு சாவிரத ஹத்தொம்பத்து?" என்றான். ஆமாம் அப்பா, 2019தான். காரின் நம்பர் 64 என்றும் சேர்த்துச் சொன்னேன்.