பசையும் படமும்

1839ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் தாகேரின் நிழற்பட முறை பாரிசில் உலகறிய வெளியிடப்பெற்றது. அம்முறையில் உருவம் பதிந்தது தாளில் அன்று. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில். விரல் பட்டாலே கெடும் இயல்புடைய அவ்வுருவைக் கண்ணாடியிட்டு மூடினர். கண்ணாடி உருவத்தைத் தொடாதிருக்க, நடுவில் சன்னல் வெட்டிய மெல்லிய பித்தளைத் தகட்டை இடையில் வைத்தனர். பார்ப்பவர் கண்ணுக்கு அஃது அணி, படத்திற்கோ அரண். படத்தை இறுகப் பிடித்து வைத்தல் வேறு, காத்து வைத்தல் வேறு என்னும் உண்மை அச்சிறு இடைவெளியிலேயே இருந்தது. ஆயினும், தாளில் படம் அச்சிடும் காலம் வந்தபோது அவ்வுண்மை மறக்கப்பட்டது.

இங்கிலாந்தின் டால்பட் 1844 முதல் 1846 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட ‘தி பென்சில் ஆஃப் நேச்சர்’ என்னும் நூலில் ஒவ்வொரு படமும் கையால் ஒட்டப்பெற்றது. 1850இல் பிரான்சின் பிளாங்கார்-எவ்ரார் முட்டை வெண்கருத் தாளை அறிமுகம் செய்தார். அத்தாள் மிக மெல்லியது. தனியே விட்டால் சுருண்டுகொள்ளும். ஆகவே பின்புறம் முழுவதும் பசை தடவி அட்டையில் ஒட்டுவதே வழக்கமாயிற்று. அட்டை நல்லதாயின் படம் வாழ்ந்தது. அட்டையில் அமிலம் இருப்பின், அஃது ஆண்டுகள் செல்லச் செல்லப் படத்தையும் பற்றியது. மாவுப் பசையோ இராமபாணப் பூச்சிக்கு விருந்தாயிற்று.

அக்காலத்து ஒட்டுவேலையின் பெருமைக்குத் தமிழகமே சான்று. சென்னை மாகாண அரசின் நிழற்படக்காரராக 1856இல் அமர்த்தப்பெற்ற லின்னேயஸ் டிரைப், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாகப் படமெடுத்தார். 21 படங்களை வரிசையாக இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக்கினார். மதுரை, தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டை முதலிய ஊர்களின் காட்சிகள் 1858இல் தொகுதிகளாக வெளிவந்தன.

ஒட்டாமலே படத்தை ஏட்டில் இருத்தும் வழி, ஒரு வணிகப் புதுமையின் பயனாக வந்தது. பாரிசின் திஸ்தேரி 1854இல் காப்புரிமை பெற்ற முறையில் ஒரே தகட்டில் பல உருவங்கள் எடுக்கப்பட்டன. ஏறத்தாழ 6 செ.மீ. அகலமும் 10 செ.மீ. உயரமும் உடைய அட்டைப் படங்கள் மலிந்தன. 1860இல் மேயால் என்பார் விக்டோரியா அரசியாரின் குடும்பப் படங்களை இவ்வளவில் விற்பனைக்கு விட்டதும், அவற்றைச் சேர்த்து வைக்கும் ஆசை வீடுதோறும் பரவியது. அளவு ஒன்றாகவே, அதற்கேற்ற ஆல்பமும் பிறந்தது. தடித்த பக்கங்களின் இருபுறமும் சன்னல் வெட்டி, ஓரத்தில் சிறு பிளவு விட்டனர். படத்தை அப்பிளவின் வழியே செருகினால் சன்னலின் உள்ளே அமரும். வேண்டும்போது உருவி எடுக்கலாம். பின்புறத்தில் எழுதிய பெயரையும் நாளையும் படிக்கலாம். பெயரற்ற முகம் மூன்றாம் தலைமுறைக்கு அயலார் முகமே ஆதலின், அப்பின்புறம் முன்புறத்தினும் குறைந்ததன்று.

1888இல் கோடக் கருவியும், 1900இல் ஒரு டாலர் விலையில் பிரௌனி கருவியும் வந்தபின் படங்களின் அளவு பலவாயின. வெட்டிய சன்னலுக்குள் அவை அடங்கவில்லை. கறுப்புத் தாள் ஆல்பங்களும் முக்கோண மூலைகளும் அவ்விடத்தை நிரப்பின. மூலைகளே பக்கத்தில் ஒட்டின, படம் ஒட்டவில்லை. பக்கங்களின் இடையே சிலந்திவலைக் கோலமிட்ட மெல்லிய தாள் கிடந்து, படத்தோடு படம் உரசாமல் காத்தது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவிய பசைப்பக்க ஆல்பமோ இவ்வறிவைக் கைவிட்டது. பக்கம் முழுதும் பசைக் கோடுகள். மேலே ஒளிபுகும் பிளாஸ்டிக் தாள். வேலை எளிது, விளைவு கொடிது. பசை பழுப்பேறிப் படத்தின் முதுகைக் கறையாக்கியது. சில நாளடைவில் பெயர்க்க இயலாதவாறு இறுகின. நம் நாட்டுத் திருமண ஆல்பங்கள் பலவும் இவ்வகையினவே. இவற்றிலுள்ள படத்தைப் பிய்த்து இழுத்தல் ஆகாது. மெல்லிய நூலைப் படத்தின் பின்னே செலுத்தி, அறுப்பது போல் மெல்ல நகர்த்தலாம். அதற்கும் விடாத படத்தை அவ்வாறே விட்டு, படி எடுத்துக்கொள்வதே அறிவுடைமை.

இன்றைய காப்பாளர்கள் மேற்கொள்ளும் முறை பழைய சன்னலுக்கே மீள்கிறது. அமிலமற்ற பருத்தி அட்டையில் சன்னல் வெட்டுவர். படத்தை மூலைகளால் மட்டும் தாங்குவர். சன்னலட்டையின் கனமே படத்திற்கும் கண்ணாடிக்கும் இடையே வெளியை உண்டாக்கும். தாளும் பசையும் படத்திற்குத் தீங்கு செய்யுமா என்று அறியத் தனிச் சோதனையும் உண்டு. 1985இல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் தோன்றிய பட நிலைபேற்று நிறுவனம் அதை வளர்த்தது. பின்னர் அது பன்னாட்டுத் தரமாயிற்று.

பனையோலையில் எழுதிய தமிழர் ஏடுகளை ஒன்றோடொன்று ஒட்டவில்லை. துளையிட்டுக் கயிறு கோத்து, இரு மரச்சட்டங்களுக்கு இடையே தளரக் கட்டினர். ஓலை பழுதுற்றால் அதை மட்டும் எடுத்துவிட்டுப் புதியதில் படியெழுதிச் சேர்த்தனர். நிழற்படத்திற்கும் அதுவே நெறி. எடுத்துப் பார்க்கவும், பின்புறம் படிக்கவும், வேறு ஏட்டுக்கு மாற்றவும் இடமளித்து வைத்த படமே, முன்னோர் முகத்தையும் பெயரையும் ஒருங்கே பேரர் கையில் சேர்க்கும்.