சரிவில் முதுமை: கண்டித் தோட்டங்களும் தாய் சியும்

மெதுவான அசைவுகளைக் கொண்ட சீனப் பயிற்சியான தாய் சி மனத்தை ஆற்றுவதற்குக் காரணம் மூச்சும் மனஒருமையும் என்பதே வழக்கமான விளக்கம். கண்டியைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களின் முதியோரை வைத்துப் பார்த்தால் அது போதாது. அவர்களின் மனநலத்துக்கான வழி காலிலிருந்து தொடங்குகிறது என்பதே இங்கு முன்வைக்கும் வாதம்.

லொஸ் ஏஞ்சலிஸில் ஹெலன் லவ்ரெட்ஸ்கி குழுவினர் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வை முதலில் பார்க்கலாம். மனச்சோர்வுக்கான மாத்திரையால் ஓரளவே குணம் கண்ட, 60 வயது கடந்த 73 பேரை இரண்டாகப் பிரித்தனர். ஒரு பிரிவினர் 10 வாரம் எளிமையாக்கப்பட்ட தாய் சி பழகினர். மற்றவர்கள் அதே கால அளவுக்கு உடல்நல வகுப்பில் இருந்தனர். தாய் சி பிரிவில் சோர்வு கூடுதலாகக் குறைந்தது. கூடியிருந்தது இரு பிரிவுக்கும் பொது என்பதால், நாலு பேரோடு சேர்ந்ததால் வந்த ஆறுதல்தான் என்று இதை ஒதுக்க முடியாது. மாத்திரை இரு பிரிவிலும் தொடர்ந்தது; ஆகவே தாய் சியை மருந்துக்கு மாற்றாகக் காட்டவும் இடமில்லை.

1996இல் வெளியான அட்லாண்டா ஆய்வு விழுதலைப் பற்றியது என்பதால் நமக்கு இன்னும் நெருக்கமானது. 70 வயதைத் தாண்டிய 200 பேர் பங்கேற்ற அதில், தாய் சியின் 108 அசைவுகளைப் பத்தாகச் சுருக்கி 15 வாரம் பழக்கினர். திரும்பத் திரும்ப விழும் அபாயம் 47.5 வீதம் குறைந்தது. விழுந்துவிடுவோமோ என்ற அச்சமும் தணிந்தது.

அந்த அச்சத்தின் எடை எல்லா இடத்திலும் ஒன்றல்ல. கண்டி வாவியைச் சுற்றி மூன்று கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடிய சமதளப் பாதை உண்டு. நகரத்து முதியவர் காலையில் நடக்கலாம், தெரிந்த முகங்களைக் காணலாம். தோட்டப் பகுதிகளான கலஹாவிலோ தெல்தோட்டையிலோ லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) இஸ்தோப்பை, அதாவது முன்திண்ணையை, விட்டு இறங்கினாலே படி. தண்ணீர்க் குழாய்க்கும் கோவிலுக்கும் ஏற்ற இறக்கம். மழைக்காலத்தில் எல்லாவற்றிலும் பாசி. ஒருமுறை சறுக்கியவர் மறுமுறை தயங்குகிறார். கோவிலுக்குப் போவது நிற்கிறது, பிறகு இழவு வீட்டுக்குப் போவதும் நிற்கிறது. அந்தத் தனிமையில்தான் சோர்வு பிடிக்கிறது.

வாழ்நாளெல்லாம் மலையேறிக் கொழுந்து பறித்தவர்களுக்கு இன்னுமா உடற்பயிற்சி என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் உழைப்பு வேறு, பழகுதல் வேறு. மலையில் வேகத்தைத் தீர்மானித்தது கொழுந்து நிறுக்கும் தராசு. குனிந்த முதுகும் தலைக்கயிற்றில் தொங்கிய கூடையும் அதற்கு அடங்கின. தாய் சியில் எடையை ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு மாற்றும் வேகத்தை அவரவர் உடலே முடிவு செய்கிறது.

தோட்டங்களில் தாய் சி வகுப்பு நடத்த இடத்துக்குப் பஞ்சமில்லை: தொழிலாளர் காலையில் கூடும் பிரட்டுக்களமும் கோவில் முற்றமும் போதும். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் வழி வந்த முதியோர் குழுக்கள் இதை எடுத்து நடத்தலாம். பயிற்றுநர் தமிழில் பேச வேண்டும். தோட்டத்துப் பெண்ணாகவே இருந்தால் இன்னும் நல்லது.

பலனை அளப்பதில்தான் சிக்கல். முதியோர் மனச்சோர்வுக்குப் பரவலாகப் பயன்படும் 15 கேள்விப் படிவத்தில், வெளியே போவதைவிட வீட்டில் இருப்பதையே விரும்புகிறீர்களா என்ற பொருளில் ஒரு கேள்வி உண்டு. லயத்து மூதாட்டி ‘ஆம்’ என்றால் அது மனத்தின் பதிலா, படிக்கட்டின் பதிலா என்பதைப் படிவம் பிரித்துக் காட்டாது. அதனால் இங்கு செய்யும் எந்த ஆய்வும், அவர் துணையின்றி எதுவரை போய்வருகிறார் என்பதையும் படிவத்தோடு சேர்த்துப் பதிய வேண்டும்.